சேப்பாக்கத்தை விட்டுப் போன ஆட்டமும் மேட்டூருக்கு வந்த தண்ணீரும்

காவிரி டெல்டாவில் கிரிக்கெட்டுக்கு என்று ஒரு பருவம் உண்டு. அதைத் தீர்மானிப்பது மேட்டூர் அணை. வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். மூடிய சில வாரங்களில் ஆறு வற்றும், வாய்க்கால் காயும். சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் நிற்பதால் அங்கே கால் வைக்க முடியாது. பையன்கள் வாய்க்காலுக்குள் இறங்குவார்கள். ஆற்று மணலில் பந்து எழும்பாது, ஆனால் வாய்க்கால் வண்டல் காய்ந்து இறுகிவிட்டால் டென்னிஸ் பந்து இடுப்பு உயரத்துக்கு வரும். மதகுச் சுவரில் கரியால் மூன்று கோடு போட்டால் ஸ்டம்பு ஆயிற்று, கீப்பர் தேவையில்லை. கரை தாண்டி உளுந்தில் விழுந்தால் அவுட். வயல்காரர் வாயில் விழாமல் இருக்க வேண்டுமே!

ஐ.பி.எல். நடப்பதும் இதே ஏப்ரல், மே மாதங்களில்தான். இந்த வருசம் குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்) உண்டா இல்லையா என்று விவசாயி கணக்குப் போடுவதும் அப்போதுதான். டீக்கடையில் "ஸ்கோர் என்ன?", "மேட்டூர் எவ்வளவு?" என்ற இரண்டு கேள்விகளும் அடுத்தடுத்து விழும். (இருபது ஓவருக்கு 120 பந்து, மேட்டூரின் முழு உயரம் 120 அடி. இதை வைத்து ஒரு தடவையாவது வேடிக்கை பேசாத ஆள் எங்கள் பக்கம் குறைவு.)

2018இல் இரண்டு கேள்வியும் ஒரே செய்தியாகிவிட்டன. ஏப்ரல் 10இல் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் நடந்தது. காவிரிக்காக நடந்த போராட்டங்களால் மறுநாளே சென்னை அணியின் மீதி உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. காவிரிக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு சாரார் எரிச்சல்பட்டார்கள். ஆட்டத்தை விரட்டிவிட்டோம், இது வெற்றி என்று இன்னொரு சாரார் மார்தட்டினார்கள். டெல்டாவில் இருந்துகொண்டு அந்த வருசத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. ஆட்டத்துக்கும் காவிரிக்கும் சம்பந்தம் இருந்தது. ஆட்டம் போனதற்கும் தண்ணீர் வந்ததற்கும்தான் சம்பந்தம் இல்லை.

2011இல் ஜூன் 6ஆம் தேதியே அணையைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு ஜூன் 12 திறப்பை மறுபடி பார்க்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2012இல் செப்டம்பர் 17, 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2 என்று தேதி தள்ளித் தள்ளிப் போனது. குறுவை என்றால் பம்புசெட்டு வைத்திருப்பவர் பயிர் என்றே ஆகிவிட்டது. கடைமடையில் அதுவும் கிடையாது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர்.

2016இல் வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. சம்பா கருகியது. விவசாயிகள் வயலிலேயே மயங்கி விழுந்து இறந்த செய்திகளும் தற்கொலைச் செய்திகளும் நாள் தவறாமல் வந்தன. 2017 ஜனவரி 10இல் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் அறிவித்தார். ஒரு வாரம் கழித்து மெரினாவில் கூட்டம் கூடியது. அது ஜல்லிக்கட்டுக்காக.

அந்தப் போராட்டத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மெரினாவில் இருந்த பலர் விவசாயிகளைப் பற்றியும் பேசினார்கள். ஆனால் ஜனவரி 17இல் தொடங்கிய கூட்டம் ஒரு வாரத்துக்குள் அவசரச் சட்டமும் சட்டத் திருத்தமும் வாங்கியது. ஒரு தலைமுறையே அதிலிருந்து ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டது: கூடினால் நடக்கும். அதே ஆண்டு அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்த தமிழக விவசாயிகள் வேறொரு கணக்கைக் கற்றார்கள். வெறுமனே உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மண்டை ஓட்டை எடுத்துவந்தால் கேமரா வருகிறது. 2018 ஏப்ரலைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு கணக்கும் தேவை.

அந்த வருசம் பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 2007இல் தந்த இறுதித் தீர்ப்பு, மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி) வர வேண்டும் என்றது. தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்தது 14.75 டி.எம்.சி. தமிழகத்தின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். மீதி 4.75 பெங்களூரின் குடிநீர்த் தேவைக்கு.

14.75 என்பது காகிதத்தில் சின்ன எண். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகிறது. அந்த வேகத்தில் ஏறக்குறைய பதினைந்து நாள் ஓடும் தண்ணீர் இது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்க, நடவுக்கு முறை எப்போது வரும் என்று மதகைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்குப் பதினைந்து நாள் என்பது ஒரு பருவமே. உப்பு ஏறிக்கொண்டிருக்கும் நிலத்தடி நீரை வரவில் வைத்ததுதான் கடைமடைக்காரர்களை அதிகம் சுட்டது.

ஆனால் அதே தீர்ப்பில் டெல்டாவுக்குச் சாதகமான இரண்டு விஷயங்கள் இருந்தன. நதி எந்த மாநிலத்துக்கும் தனிச் சொத்து அல்ல என்றது நீதிமன்றம். தண்ணீரைப் பங்கிட்டுத் தரும் அமைப்புக்கான செயல்திட்டத்தை மத்திய அரசு ஆறு வாரத்துக்குள் உருவாக்க வேண்டும் என்றது. ஆறு வாரம் மார்ச் 29இல் முடிந்தது. மத்திய அரசு எதையும் உருவாக்கவில்லை. கெடு முடிந்த பிறகு, 'செயல்திட்டம்' என்று நீங்கள் சொன்னதற்கு என்ன பொருள் என்று நீதிமன்றத்திடமே விளக்கம் கேட்டது. கர்நாடகத் தேர்தலைக் காரணம் காட்டி மூன்று மாத அவகாசமும் கேட்டது. கர்நாடகத்தில் மே 12இல் வாக்குப்பதிவு. பெங்களூரில் ஓட்டு எண்ணும்வரை தஞ்சாவூர்க்காரன் பொறுத்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் அர்த்தம் என்று டீக்கடையில் படிக்காதவரும் சொன்னார்.

காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு ஏப்ரல் முழுக்க தமிழகம் கொதித்தது. 3ஆம் தேதி ஆளுங்கட்சியே உண்ணாவிரதம் இருந்தது. முதல்வரும் துணை முதல்வரும் உட்கார்ந்த இடம் சேப்பாக்கம். மைதானம் கூப்பிடு தூரம். 5ஆம் தேதி எதிர்க்கட்சிகளின் முழு அடைப்பு. 7ஆம் தேதி மு.க. ஸ்டாலின் தலைமையில் முக்கொம்பிலிருந்து காவிரி உரிமை மீட்புப் பயணம். 8ஆம் தேதி வள்ளுவர் கோட்டத்தில் திரையுலகினரின் அறப்போராட்டம். சென்னை வீரர்கள் கறுப்புப் பட்டை அணிந்து ஆட வேண்டும் என்று அன்று ரஜினிகாந்த் சொன்னார். 10ஆம் தேதி ஆட்டம்.

இரண்டு வருசத் தடைக்குப் பிறகு சென்னை அணி சொந்த மண்ணில் ஆடும் முதல் ஆட்டம் அது. சாதாரண நாளாக இருந்தால் ஊரே திருவிழாவாகியிருக்கும். அன்று அண்ணா சாலையே மறிக்கப்பட்டுக் கிடந்தது. தடியடி நடந்தது. கறுப்புச் சட்டை போட்டவர்களுக்கு வாசலில் கெடுபிடி. உள்ளே எல்லைக்கோட்டருகே ஜடேஜா நின்ற பக்கம் செருப்பு வந்து விழுந்தது. ஆட்டம் என்னவோ அபாரமான ஆட்டம். கொல்கத்தாவின் ரஸ்ஸல் ஆட்டமிழக்காமல் 88, அவர்கள் 202. சாம் பில்லிங்ஸ் 23 பந்தில் 56 அடித்துக் கொடுக்க, ஒரு பந்து மீதியிருக்கையில் ஜடேஜா சிக்ஸர் அடித்து முடித்தார். செருப்பு விழுந்தது அவர் பக்கம்தான் என்பது யாருக்கும் மறந்துபோகவில்லை.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் அன்று இரவு இந்தப் பேச்சுதான். ஒரு பெரியவர் பெஞ்சில் இருந்தபடியே பையன் ஒருவனிடம் கேட்டார்: "ஏண்டா, ஆட்டத்த நிறுத்துனா தண்ணி வந்துருமா?"

அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "தண்ணி வராது மாமா. ஆனா டிவில நம்ம பேரு வரும்." பார்த்துக்கொண்டிருந்தது ரஸ்ஸல் அடித்த சிக்ஸர்களை.

போராட்டத் தலைவர்கள் பலர் மேடையில் சொன்னதைவிட இது தெளிவான பதில் என்று நினைக்கிறேன். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தது கிரிக்கெட்டின் மேல் கோபத்தால் அல்ல. டெல்டாவில் பத்து நாள் ரயிலை மறித்தால் மாவட்டப் பக்கத்தில் வரும் செய்தி, சேப்பாக்கத்தில் ஒரு மாலை மறித்தால் நாடு முழுக்க வரும். அதற்கு முன்மாதிரியும் இருந்தது. 2013இல் ஈழத் தமிழர் பிரச்சினையை முன்னிட்டு இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்று ஜெயலலிதா அரசு நின்றது, அவர்கள் ஆடவில்லை. தமிழ்நாட்டுப் பொதுக்கருத்து டெல்லிக்குக் கேட்காதபோது கிரிக்கெட் வாரியத்தின் காதில் விழுந்திருக்கிறது. வாரியத்துக்கு விளம்பரதாரர் இருக்கிறார்கள், ஒளிபரப்பு நேரம் இருக்கிறது. ஒரு மாலை வீணானால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்று உடனே தெரியும்.

கவனம் வாங்குவதில் இருக்கும் சிக்கல், கிடைத்த கவனம் எங்கே திரும்பும் என்பது நம் கையில் இல்லை. 11ஆம் தேதி காலையில் தொலைக்காட்சிகளில் ஓடியது பிலிகுண்டுலு அல்ல; செருப்பும், அண்ணா சாலையில் சீருடைக் காவலர் ஒருவர் தாக்கப்பட்ட காட்சியும். 8ஆம் தேதி கறுப்புப் பட்டை பற்றிப் பேசிய ரஜினிகாந்தே காவலர் மீதான தாக்குதலை வன்மையாகக் கண்டித்தார். விவாதம் முழுக்க அவர் சொன்னது சரியா தவறா என்று மாறிவிட்டது. மறுநாள் ராணுவத் தளவாடக் கண்காட்சிக்குப் பிரதமர் வந்தபோது கறுப்பு பலூன்கள் பறந்தன, அடுத்த விவாதம் அதைப் பற்றி. 14.75 டி.எம்.சி. எதற்குக் குறைந்தது என்று சேனல்களில் யாராவது நிதானமாக விளக்கியிருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

ஜல்லிக்கட்டுக் கணக்கு இங்கே பொருந்தாமல் போனதற்கும் காரணம் உண்டு. ஜல்லிக்கட்டுக்குத் தேவைப்பட்டது ஒரு சட்டத் திருத்தம். அதைச் சென்னையிலேயே நிறைவேற்ற முடிந்தது. காவிரியில் மதகு இருப்பது அடுத்த மாநிலத்தில். சென்னையில் எத்தனை லட்சம் பேர் கூடினாலும் கிருஷ்ணராஜசாகரின் ஷட்டரைத் தூக்குபவருக்கு அவர்கள் வாக்காளர்கள் அல்ல. அங்கே இருப்பவர்களும் வறட்சி கண்ட விவசாயிகள்தான். கர்நாடகத்தின் மண்டியாவிலும் அதே நேரத்தில் இதே கோபம் இருந்தது.

ஆட்டங்கள் புனேவுக்குப் போன கதையில் தமிழகத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் இருக்கிறது. புனே மைதானத்துக்குப் பவனா ஆற்றுத் தண்ணீரை எடுப்பது பற்றி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. ஆட்டத்துக்காக அந்த ஆற்றில் எடுக்கக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. ஆற்றுக்காக ஊர் மாறிப்போன ஆட்டம் போன இடத்திலும் ஆற்று வழக்கில் மாட்டியது. அதற்கு இரண்டு வருசம் முன்பு, 2016இல், மராட்டிய வறட்சியின்போது லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் போய்க்கொண்டிருந்தது. அப்போது இதே நீதிமன்றம் ஏப்ரல் 30க்குப் பிந்தைய ஐ.பி.எல். ஆட்டங்களை மாநிலத்தை விட்டே வெளியேற்றியது. இறுதிப் போட்டி மும்பையிலிருந்து பெங்களூருக்குப் போனது. மைதானங்களுக்கு 60 லட்சம் லிட்டர் செலவாகும் என்பது அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் சொன்ன கணக்கு. ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு டி.எம்.சி.யில் 4,700இல் ஒரு பங்குகூட வராது. மைதானத்துக்கு ஊற்றும் தண்ணீர் எந்த ஊர் வறட்சியையும் தீர்க்காது என்று அங்கேயும் எல்லோருக்கும் தெரியும். குடத்தோடு வரிசையில் நிற்பவர் கண்ணெதிரே புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது பற்றிய வழக்கு அது. தமிழகத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதே மாதிரியான மனக்குறைதான்; ஆனால் இங்கே ஆட்டத்தை மாற்றியது நீதிமன்றம் அல்ல, பாதுகாப்புத் தர முடியாது என்ற காவல்துறையின் கைவிரிப்பு.

சென்னையிலிருந்து ரசிகர்களை ஏற்றிக்கொண்டு 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' புனேவுக்குப் போனது. டெல்டா ரசிகர்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் இல்லை. மன்னார்குடியிலிருந்து சேப்பாக்கத்துக்கு டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் எத்தனை பேர்? ஆட்டம் எங்கே நடந்தாலும் அவர்களுக்கு அது செல்போனில்தான்.

மே 22ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள் பறிபோன அந்தக் கொடுமை தொடங்கிய அதே நாள் இரவில்தான் மும்பையில் சென்னையும் ஐதராபாத்தும் மோதிய தகுதிச் சுற்று. டூ பிளெஸ்ஸி தனியாளாக நின்று ஜெயிக்க வைத்தார். மகிழ்ச்சியைப் பகிர்ந்தவர்களை மற்றவர்கள் வசைபாடினார்கள். ஏப்ரலில் ஆட்டத்தை எதிர்த்தவர்களில் சிலரும் அன்று ஸ்கோர் பார்த்தார்கள். பார்த்ததைத் தப்பென்று சொல்ல எனக்கு மனமில்லை. கெட்ட செய்தியாக வந்துகொண்டிருந்த வருசத்தில் மூன்று மணி நேரம் வேறெதையாவது பார்க்கத் தோன்றுவது மனித இயல்பு. மே 27இல் வாட்சன் 117 அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

ஐந்து நாள் கழித்து, ஜூன் 1இல், காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்தது. வரிசையைப் பாருங்கள்: மே 12 கர்நாடக வாக்குப்பதிவு, மே 14 மத்திய அரசு வரைவுத் திட்டம் தாக்கல், மே 18 நீதிமன்ற ஒப்புதல், ஜூன் 1 அரசிதழ். வாக்குப்பதிவு முடிந்த இரண்டே நாளில் வரைவு தயாராகிவிட்டது. ஏப்ரல் போராட்டங்கள் எதையும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அவை இல்லையென்றால் கெடு இன்னும் நீண்டிருக்கலாம். ஆனால் தேதியைக் குறித்தது தேர்தல் அட்டவணை.

ஆணையம் வந்துவிட்டதே, ஜூன் 12இல் அணை திறந்ததா? இல்லை. அணையில் பாதிகூட இல்லை. பிறகு குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய தென்மேற்குப் பருவமழையில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பின. கர்நாடகம் அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்க விரும்பியிருந்தாலும் முடிந்திருக்காது. ஜூலை 19இல் மேட்டூர் திறக்கப்பட்டது. 23இல் 120 அடி. ஐந்து வருசத்துக்குப் பிறகு நிரம்பிய அணையைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

அந்த ஆகஸ்டை டெல்டாக்காரர்கள் மறக்க மாட்டார்கள். முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம்தான் வெள்ளத்தைச் சுமந்து கடலில் சேர்க்கும் வடிகால். காவிரி, வெண்ணாறு, புதாறு எனப்படும் கல்லணைக் கால்வாய் ஆகியவை கல்லணையில் பிரிந்து பாசனத்துக்குப் போகும். அவற்றில் தாங்கும் அளவுக்குத்தான் விட முடியும். தூர் வாராத வாய்க்கால் இன்னும் குறைவாகத்தான் தாங்கும். ஆகவே லட்சக்கணக்கான கனஅடி கொள்ளிடம் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல் நடந்தது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. ஏப்ரலில் உரிமை மீட்புப் பயணம் கிளம்பிய அதே இடம். கர்நாடகத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே நம் வீட்டு மதகைப் பார்க்காமல் விட்டதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. காவிரிக்கு வாரியமா ஆணையமா என்று நாலு மாதம் பேசிய நாம், ஷட்டர் துருவைப் பற்றி ஒரு நாள்கூடப் பேசவில்லை.

நவம்பர் 11இல் சேப்பாக்கத்தில் மறுபடி கிரிக்கெட். இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய இருபது ஓவர் ஆட்டம். தவான் 92 அடித்தார். கடைசிப் பந்தில் வெற்றி. மறியல் இல்லை, கறுப்புச் சட்டை இல்லை. ஐந்து நாள் கழித்து, 16ஆம் தேதி விடிவதற்குள், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, முத்துப்பேட்டை வட்டாரங்களில் தென்னை வேரோடு சாய்ந்தது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் காய்க்க ஆறேழு வருசம். கடைமடையில் தண்ணீரை நம்ப முடியாமல் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியவர்களும் அதில் இருந்தார்கள். அரசு அறிவித்தது மரத்துக்கு 600 ரூபாய். வெட்டி அப்புறப்படுத்த 500. சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் சார்ஜுக்கு ஜெனரேட்டர் வாடகை கொடுத்தார்கள். அதிகாரிகள் வரவில்லை என்ற ஆத்திரத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிந்தன. சாலையில் விழுந்த மரத்தை அறுத்து முதலில் வழி உண்டாக்கியது பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு கபடிக் குழு, ஒரு கிரிக்கெட் டீம், ஒரு நற்பணி மன்றம் இருக்குமே, அவர்கள்தான். பொங்கல் போட்டிக்கென்று வசூல் செய்து வைத்திருந்த பணம் தார்ப்பாய்க்கும் அரிசிக்கும் போனது.

சென்னையில் பொதுமக்கள் லாரி லாரியாகப் பொருள் அனுப்பினார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் தேசியத் தொலைக்காட்சியில் கஜாவுக்குக் கிடைத்த நேரம் ஏப்ரல் 10ஆம் தேதி செருப்புக்குக் கிடைத்த நேரத்தில் பாதியாவது இருக்குமா என்று எங்கள் பக்கம் கேட்டார்கள். தேர்தல்கூட நகர்ந்துவிட்டது. கருணாநிதி ஆகஸ்டில் மறைந்ததால் காலியான திருவாரூர் தொகுதிக்கு 2019 ஜனவரி 28இல் இடைத்தேர்தல் என்று அறிவித்து, நிவாரணப் பணிகள் முடியவில்லை என்று ரத்து செய்தார்கள்.

2019 மார்ச் 23இல் அடுத்த ஐ.பி.எல்.லின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. எதிரணி பெங்களூரு, 70 ரன்னுக்குச் சுருண்டது. நுழைவுச்சீட்டு வருமானத்தைப் புல்வாமாவில் உயிரிழந்த வீரர்களின் குடும்பங்களுக்குத் தருவதாகச் சென்னை அணி அறிவித்திருந்தது. காவிரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பேச்சு முழுக்க ஆடுகளம் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்பதைப் பற்றி. மேட்டூர் அந்த வருசம் ஆகஸ்ட் 13இல் திறந்தது.